பருத்திக் காட்டில் கவிழ்ந்த கார்

எனக்கு இருபது வயது நடந்துகொண்டிருந்தபோது அம்மா மறுபடியும் உண்டானாள். அவளுக்கு நாற்பத்திரண்டு. எனக்குப் பின்னால் பிறந்த இரண்டு தம்பிகளுக்கும் மீசை அரும்பத் தொடங்கியிருந்தது. நான் ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு ஆபீஸில் பதிந்துவிட்டு, கடிதம் வரும் வரும் என்று வீட்டில் இருந்தேன். எழுபதுகளின் கடைசி அது. ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், விஷயம் காதில் விழுந்ததும் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்கள். "பொண்ணுக்கும் பொண்ணப் பெத்தவளுக்கும் ஒரே வருசத்துல பிரசவம் பாக்கற வூட்ல நாங்க சம்பந்தம் வச்சிக்கல."

அன்றிலிருந்து நான் அம்மாவிடம் பேசவில்லை. கிட்டத்தட்ட மூன்று மாதம். சோறு போட்டால் சாப்பிடுவேன், தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைப்பேன், வாயைத் திறக்க மாட்டேன். எழுதும்போது இப்போதும் கூசுகிறது. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அப்பா ரயில்வேயில் கேங்மேன். தண்டவாளத்தில் கல் தள்ளி, கட்டை மாற்றி, வெயிலில் வெந்த உடம்பு. அவருடைய அப்பா வரைக்கும் அடுத்தவர் காட்டில்தான் வேலை பார்த்தார்கள். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர். ஊரில் யாருக்கும் பயப்படாதவர், அந்த மாதங்களில் மட்டும் விடியும் முன்பே டிபன் தூக்கை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கமாகப் போய்விடுவார். டீக்கடை வழியாகப் போவதில்லை.

அம்மா அப்படியில்லை. எப்போதும் போலக் காலை எட்டு மணிக்கு, எல்லாரும் இருக்கும் நேரத்தில்தான் குழாயடிக்குப் போவாள். யாராவது சிரித்தால் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்று கேட்பாள். "நான் என்னா களவாண்டுகிட்டா வந்தேன்? கட்டுன புருசன் புள்ள." அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, பக்கத்து வீட்டில் இருந்தாள். புருஷனை இழந்தவள், நாக்குக் கூர்மை. ஆரம்பத்திலேயே ஏதோ கஷாயம் காய்ச்சி ஒரு சொம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். "குடிச்சிரு. வயசுக்கு வந்த புள்ளய வச்சிகிட்டு இதென்ன அசிங்கம்." அம்மா சொம்பை வாங்கி, வாசலுக்குப் போய், முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு, சொம்பைக் கழுவி அத்தை கையில் திருப்பிக் கொடுத்தாள். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது என் மனசு அத்தை பக்கம்தான் இருந்தது.

மாசி மாதம். எங்கள் பக்கத்துக் கரிசல் முழுக்கப் பருத்தி வெடித்து வெள்ளையாகக் கிடந்தது. எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது அம்மாவுக்கு. காலை ஒன்பது மணி இருக்கும். குழாயடியிலிருந்து வந்தவள் குடத்தை அடுப்படி மேடையில் வைத்தாள். வைத்த கையோடு அப்படியே நின்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். கெண்டைக்கால் வழியாக இறங்கித் தரையில் ரத்தம் ஒரு கோடாக ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா" என்றேன். மூன்று மாதத்துக்குப் பிறகு நான் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"வலியில்லடி" என்றாள். "ஒண்ணுமே வலிக்கல. அதான் பயமா இருக்கு."

எங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்து நர்சம்மாவை ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். பார்த்த உடனே அவர் முகம் மாறிவிட்டது. என்னை வாசலுக்கு இழுத்துப் போய்ச் சொன்னார். "இதுல நான் கையே வைக்கக் கூடாது. நஞ்சுக்கொடி கீழ எறங்கி வழிய மறிச்சிகிட்டு இருக்குன்னு நெனக்கிறேன். வயித்த அறுத்துதான் எடுக்கணும். பெரம்பலூர்ல ஆபரேஷன் பண்ற டாக்டரம்மா இருக்காங்க, நேரா அங்க போயிருங்க. பஸ்ஸுக்கு நிக்காதீங்க, கார் புடிங்க. கால ஒசத்தியே வச்சிருக்கணும். தண்ணி குடுக்காதீங்க. போவப் போவ ரத்தம் கூடும். நீ பயந்துட்டா எல்லாம் போச்சு, புரியுதா?"

எங்கள் ஊரில் கார் கிடையாது. ஆனால் ரயில்வே கேட்டில் போன் இருந்தது. செருப்பில்லாமல் ஓடினேன். கேட்கீப்பர் அப்பாவுக்குப் பழக்கமானவர். நான் மூச்சிரைத்து முடிப்பதற்குள் போனைச் சுழற்றி அரியலூர் ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட்டார். ஸ்டேஷன் வாசலில் நிற்கும் டாக்சி ஒன்று அரைமணி நேரத்தில் வந்தது. கறுப்பு அம்பாசிடர். அப்பா எங்கேயோ லைனில் இருந்தார். ஆளனுப்பிச் சொல்வதாகச் சொன்னார்கள்.

கயிற்றுக் கட்டிலோடு அம்மாவைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு வந்தபோது பாதி ஊர் கூடியிருந்தது. யாரோ ஒரு பெண், நல்ல எண்ணத்தில்தான், முந்தானையை இழுத்து அம்மாவின் முகத்தை மூடிவிட்டாள். நாலு பேர் பார்வையில் படாமல் போகட்டும் என்று. அம்மா கையை உயர்த்தி அதை விலக்கினாள்.

"மூஞ்ச மூடாதீங்க. நான் இன்னும் சாவல."

டிரைவருக்கு ஐம்பது வயது இருக்கும். காக்கிச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. ரத்தத்தைப் பார்த்ததும் தயங்குவார் என்று நினைத்தேன். அவர் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பின் சீட்டில் விரித்தார். "படுக்க வைங்கம்மா. வண்டிய நான் பாத்துக்கறேன். நீங்க அம்மாவப் பாருங்க."

அத்தை கூப்பிடாமலே ஏறிக்கொண்டாள். அம்மாவின் தலை அவள் மடியில். நான் இந்தப் பக்கம் சீட்டு நுனியில் ஒடுங்கி, அம்மாவின் இரண்டு காலையும் என் தோளில் தூக்கி வைத்துப் பிடித்துக்கொண்டேன். கார் பெரம்பலூர் ரோட்டில் ஏறியது. புளியமரங்கள் வேகமாகப் பின்னால் போயின.

அத்தை வாயை அடக்கவில்லை. "அன்னைக்கே சொன்னேன், கேட்டியா? சாமிக்கே பொறுக்கல பாரு."

"அண்ணி" என்றாள் அம்மா. குரல் இறங்கிவிட்டிருந்தது. "எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா சொல்லிக்கலாம். இப்ப தண்ணி குடுங்க."

"தண்ணி குடுக்கக் கூடாதுன்னு நர்சம்மா சொன்னாங்க" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். "பரவால்லயே, பேசறியே" என்றாள். நான் அழுதுவிட்டேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்தவர் இன்னும் அழுத்தி மிதித்தார்.

பாதி தூரத்துக்கு மேல் வந்திருப்போம். முன்னால் பருத்தி மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தார். வண்டிக்காரர் ஒதுக்கிக் கொடுத்த இடம் போதவில்லை, ஆனால் எங்களுக்கு அவசரம். கார் வண்டியைத் தாண்டும்போதுதான் எதிரே சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி வளைவில் வந்தது. எனக்கு லாரியின் முகப்பில் கட்டியிருந்த எலுமிச்சம்பழ மாலை நன்றாகத் தெரிந்தது. அவ்வளவு பக்கம். டிரைவர் வண்டியை இடப்பக்கம் ஒடித்தார். மாட்டுவண்டியின் நுகத்தடியில் உரசாமல் தப்பித்தோம், லாரியிலும் மோதவில்லை. ஆனால் சக்கரம் தார் ரோட்டை விட்டு ஓரத்துச் சரளையில் இறங்கியது. சறுக்கியது. ரோடு அங்கே ஆள் உயரத்துக்கு மேடு.

கார் கவிழும்போது சத்தமே கேட்கவில்லை என்றுதான் எனக்கு ஞாபகம். அம்மாவின் காலை விடக்கூடாது என்ற ஒன்று மட்டும் இருந்தது. வானம் ஒரு பக்கம் வந்தது, பருத்திச் செடி ஒரு பக்கம் வந்தது, என் தோள் எதிலோ போய் மோதியது. பிறகு எல்லாம் நின்றுவிட்டது. ஒரு சக்கரம் மட்டும் காற்றில் சுற்றிக்கொண்டிருந்த சத்தம். பெட்ரோல் வாடை.

கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தது. கதவு தலைக்கு மேலே இருந்தது. கிணற்றுக்குள் உட்கார்ந்து மேலே பார்ப்பது போல. நான் அம்மாவுக்குக் கீழே கிடந்தேன். அத்தை எங்கள் இருவருக்கும் நடுவில், தன் இரண்டு கைகளாலும் அம்மாவின் வயிற்றைச் சுற்றி வளைத்துப் பிடித்தபடி இருந்தாள். அவள் நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. கையை எடுத்துத் துடைக்கவில்லை.

"அசையுது" என்றாள் அத்தை. "உள்ள அசையுதுடி. புள்ள இருக்கு."

லாரி நிற்காமல் போய்விட்டது. வந்தவர்கள் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள். பத்துப் பதினைந்து பேர், முந்தானையை மடியாகக் கட்டி அதில் பருத்தி நிரப்பியபடி, வரப்பைத் தாண்டி ஓடி வந்தார்கள். ஒருத்தி பின்கண்ணாடியில் எஞ்சியிருந்த சில்லைக் கல்லால் தட்டி உதிர்த்தாள். இன்னொருத்தி சாக்குப் படுதாவை அந்த ஓட்டையில் விரித்தாள். அதன்மேல் இழுத்து அம்மாவை வெளியே எடுத்தார்கள். தூக்கியவர்கள் ஒருவரும் கத்தவில்லை. களத்தில் மூட்டை தூக்கும் பழக்கம், ஒருவருக்கொருவர் கண்ணாலேயே சொல்லிக்கொண்டார்கள். எங்களை இழுத்த பிறகு டிரைவரை இழுத்தார்கள். அவருக்கு மூக்கு உடைந்திருந்தது. வெளியே வந்ததும் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். "புள்ளத்தாச்சியக் கவுத்திட்டனே, புள்ளத்தாச்சியக் கவுத்திட்டனே."

அம்மாவுக்கு வெளிக்காயம் பெரிதாக இல்லை. ஆனால் ரத்தம் கூடிவிட்டது. அந்தப் பெண்களில் கொஞ்சம் வயதானவள் ஒருத்தி தன் மடியை அவிழ்த்து, அப்போதுதான் எடுத்த பருத்தியை அள்ளி, ஒரு வேட்டித் துணியில் கெட்டியாகச் சுருட்டி அம்மாவுக்கு வைத்துக் கட்டினாள். "இறுக்கிக்க தாயி" என்றாள். அம்மாவின் கையெல்லாம் ரத்தம், அதில் பருத்தி ஒட்டிக்கொண்டு வெள்ளை வெள்ளையாக இருந்தது.

இதற்குள் மாட்டு வண்டிக்காரர் இறங்கி வந்திருந்தார். பெரியவர். அம்மாவைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார். "போற காரியம் சரியில்ல பாப்பா. இவ்வளவு பெரிய தடங்கல் வந்துருச்சு. பேசாம திரும்பி வூட்டுக்குக் கொண்டு போயிருங்க. என் வண்டியிலேயே ஏத்திக்கறேன். நடக்கறது நம்ம மண்ணுல நடக்கட்டும்."

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். கூட நின்ற இரண்டொருவரும் தலையாட்டினார்கள். எனக்கு ஒரு கணம், உண்மையைச் சொல்கிறேன், சரி என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. இடது கையைத் தூக்க முடியவில்லை. வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

படுதாவில் கிடந்த அம்மா கண்ணைத் திறந்தாள். "திரும்பி எங்க போறது? வயித்துல இருக்கறது திரும்புமா?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "ரோட்டுக்குப் போடி. எதையாச்சும் நிறுத்து" என்றாள்.

மேட்டில் ஏறினேன். தவழ்ந்துதான் ஏறினேன். ஒரு லாரி வந்தது, கை காட்டினேன், நிற்கவில்லை. ஒரு மோட்டார் சைக்கிள்காரர் வேகத்தைக் குறைத்து, கீழே கிடந்த காரை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அடுத்துதான் பஸ் வந்தது. பெரம்பலூர் போகும் தனியார் பஸ். நான் ஓரத்தில் நின்று கை காட்டவில்லை. நடு ரோட்டில், வெள்ளைக்கோடு இருக்க வேண்டிய இடத்தில் போய் நின்றுகொண்டேன். ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார்கள். நான் நகரவில்லை. முன் விளக்கு என் இடுப்புக்கு ஒரு முழம் தள்ளி வந்து நின்றது.

கண்டக்டர் இறங்கினார். "ஏம்மா, சாவறதுக்கு எங்க வண்டிதான் கெடச்சுதா?"

சொன்னேன். எட்டிப் பார்த்தார். நாலு பெண்கள் படுதாவின் முனைகளைப் பிடித்து அம்மாவை மேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஐயய்யோ, இதெல்லாம் பஸ்ஸுல ஏத்த முடியாது. வழியிலேயே ஏதாச்சும் ஆயிட்டா போலீஸ் கேஸு. சீட்டெல்லாம் ரத்தமாவும். பின்னால வேற வண்டி வரும், அதுல வாங்க."

"பின்னால வர்றது எதுவும் நிக்காது" என்றேன்.

"அதுக்கு நான் என்னா பண்றது? வழிய வுடும்மா."

அப்போது பருத்தி எடுக்கும் பெண்களில் ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், வந்து என் பக்கத்தில் ரோட்டில் உட்கார்ந்தாள். மடியில் பருத்தியோடு, சம்மணம் போட்டு. அவளைப் பார்த்து இன்னொருத்தி. பிறகு நாலு, ஐந்து பேர். கொளுத்தும் தார் மேல் உட்கார்ந்துவிட்டார்கள். பஸ் டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டு இன்ஜினை அணைத்தார்.

பஸ்ஸின் ஜன்னலெல்லாம் தலைகள். உள்ளேயிருந்து ஒரு ஆண்குரல் கேட்டது. "கெழவி மாதிரி இருக்கா, இந்த வயசுல புள்ளயாம்." இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அதற்குள் அத்தை படியில் ஏறிவிட்டாள். நெற்றி ரத்தம் முகமெல்லாம் வழிந்து, ரவிக்கை கிழிந்து, ஒரு காதுத் தோடு காணாமல் போய், படியில் நின்று உள்ளே பார்த்துக் கத்தினாள்.

"எவன்டா அது? எழுந்து நின்னு சொல்லு. அவ என் தம்பி பொண்டாட்டி. முறையாத் தாலி கட்டி வந்தவ. அம்பது வயசுல நீ தகப்பனானா மாலை போடுவாங்க, அவ பெத்தா அசிங்கமா? உன் ஆத்தா உன்ன எந்த வயசுல பெத்தான்னு போயிக் கேட்டுட்டு வா. எறங்குடா எல்லாரும். பின்சீட்டு எனக்கு வேணும்."

அதே நாக்குதான். மாதக்கணக்காக அம்மாவைக் கிழித்துக்கொண்டிருந்த அதே நாக்கு. படுதாவில் கிடந்த அம்மா அதைக் கேட்டாள். அவள் உதடு கொஞ்சம் விரிந்ததை நான் பார்த்தேன்.

பின்சீட்டிலிருந்த ஒரு முஸ்லிம் பெரியவர் முதலில் எழுந்தார். "ஏத்துங்கம்மா, ஏத்துங்க. அல்லா பாத்துப்பான்" என்று தன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நகர்ந்தார். அவர் எழுந்ததும் அந்த வரிசையே எழுந்தது. கண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு விசிலை வாயில் வைத்தார். வழியில் ஒரு நிறுத்தத்திலும் அவர் அந்த விசிலை ஊதவில்லை. கை காட்டிய ஆட்களையெல்லாம் விட்டுவிட்டு பஸ் நேராகப் போனது.

அந்தப் பெண்கள் வண்டி கிளம்பிய பிறகும் ரோட்டில் நின்றிருந்தார்கள். ஒருத்தி பெயரும் எனக்குத் தெரியாது. எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை.

பெரம்பலூர் டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரி வாசலுக்கே பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்தினார் டிரைவர். ஸ்டிரெச்சர் வந்தது. டாக்டரம்மா சின்ன உருவம், கண்ணாடி போட்டவர். அம்மாவின் கண் இமையை இறக்கிப் பார்த்தார், வயிற்றில் குழல் வைத்துக் கேட்டார். "கொழந்தைக்குத் துடிப்பு இருக்கு. அம்மாவுக்கு ரத்தம்தான் ரொம்பப் போயிருச்சு. யாராச்சும் குடுக்கணும். ஆம்பளைங்க யாரும் வரலையா?"

"ஏன், பொம்பளைங்க ரத்தம் செவப்பா இருக்காதா?" என்றாள் அத்தை. டாக்டரம்மா அவளையும் என்னையும் மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கே தையல் போடணும். இந்தப் பொண்ணுக்குக் காறையெலும்பு ஒடஞ்சிருக்கு. உக்காருங்க ரெண்டு பேரும்." என் தோள் ஏன் தூக்க வரவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்ததும் வலி வந்துவிட்டது.

ரத்தம் கொடுக்க ஆள் வந்தார்கள். யாரும் கூப்பிடாமல், பஸ்ஸிலிருந்து இறங்கிய இரண்டு பேர் வாசலிலேயே நின்றிருந்தார்கள். அதில் ஒருவருடைய ரத்தம் சேர்ந்தது. பிறகு ஒரு மணி வாக்கில் அப்பா வந்தார். அவரோடு அவர் கேங்கில் வேலை பார்க்கும் ஆறு பேர், தண்டவாள எண்ணெய்க் கறையோடு, ஏதோ ஒரு லாரியில் ஏறி வந்திருந்தார்கள். வரும் வழியில் கவிழ்ந்து கிடந்த காரைப் பார்த்திருக்கிறார்கள். அப்பா உள்ளே வந்து என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், மூன்றாவது ஆளைத் தேடினார். வாய் கோணிக்கொண்டது.

"உள்ள இருக்காங்க. உசுரோட இருக்காங்க" என்றேன்.

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நர்ஸிடம் போனார். அவருடையதும் சேர்ந்தது. அவர் கூட்டாளிகளில் இன்னொருவருடையதும்.

குழந்தையை முதலில் எடுத்துக்கொண்டு வந்த நர்ஸ் எங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, என் உடைந்த தோளையும் பொருட்படுத்தாமல் என் கையில் கொடுத்து, "பொண்ணு பொறந்திருக்கு. நீ சித்தியா?" என்று கேட்டார். ஒரு பூனைக்குட்டி அளவுதான் இருந்தது துணிக்குள். சுருங்கிய முகம், மூடிய கண். கோபமாக இருப்பது போல நெற்றியைச் சுளித்திருந்தது.

"இல்ல" என்றேன். "அக்கா. நான் அவளுக்கு அக்கா."

சத்தமாகத்தான் சொன்னேன். வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது.

அம்மா இரண்டு நாள் கண் திறப்பதும் மூடுவதுமாகக் கிடந்தாள். மூன்றாம் நாள் எழுந்து காப்பி கேட்டாள். குழந்தையை மின்சார பல்பின் சூட்டில் வைத்து, சொட்டுச் சொட்டாகப் பாலூட்டி வளர்த்தார்கள். பிழைக்குமா என்று அத்தை கேட்டதற்கு டாக்டரம்மா, "காரோட கவுந்தும் பொழச்சிருக்கு, இனிமே என்ன?" என்றார்.

அதற்கிடையில் ஊரிலிருந்து வந்து பார்த்தவர்கள் ஒருவர் விடாமல் சகுனம் பேசினார்கள். பிறக்கும்போதே காரைக் கவிழ்த்த குழந்தை, குடும்பத்துக்கு ஆகாது, கோயிலில் விட்டுத் தத்தெடுப்பது போல வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் ஒருவர். அம்மா படுத்துக்கொண்டே சொன்னாள். "காரக் கவுத்தது லாரியும் ரோடும். என் புள்ள பேர்ல எழுதாதீங்க." கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு முடி காணிக்கை வேண்டியிருந்தாள் அத்தை, அதைச் செய்யட்டும், வேறொன்றும் வேண்டாம் என்றுவிட்டாள் அம்மா.

அம்பாசிடர் டிரைவரும் ஒரு நாள் வந்தார். மூக்கில் கட்டு. போலீஸ் ஸ்டேஷனில் விசாரித்தார்களாம். அவர்தான் ஓட்டத் தெரியாமல் கவிழ்த்தார் என்று எழுதிவிட்டால் எல்லோருக்கும் சுலபம் என்று யாரோ சொன்னார்களாம். அதைச் சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் நான் தோளில் கட்டோடு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் படித்தவள், எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லி, நடந்ததை நடந்தபடி எழுதினேன். எங்கள் அவசரத்துக்காக அவர் வேகமாகப் போனார், வளைவில் லாரி நடுரோட்டில் வந்தது, நிற்காமல் போனது. "இவ்வளவு விவரம் எதுக்கும்மா" என்றார் எழுத்தர். "நடந்தது இவ்வளவு சார்" என்றேன். வாங்கி வைத்துக்கொண்டார். லாரி கிடைக்கவில்லை. ஆனால் டிரைவர் மீது கேஸ் எதுவும் போடவில்லை.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் நாளில் அத்தை, "பஸ்ஸுலேயே போயிடலாம். கார்னாலே வயித்தக் கலக்குது" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அம்மா கேட்கவில்லை. "காருலதான் போவேன். அந்த அண்ணனையே வரச் சொல்லு" என்றாள். அவர் வேறொருவர் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். மாட்டு வண்டியைவிட மெதுவாக ஓட்டினார். அம்மாதான் இடையில், "கொஞ்சம் மிதிங்கண்ணே, புள்ளைக்குப் பசிக்கும்" என்றாள்.

அந்த வளைவில் நிறுத்தச் சொன்னாள். இறங்கினோம். மேட்டுக்குக் கீழே செடிகள் நசுங்கிய இடம் தெரிந்தது. பருத்தி எடுத்து முடிந்துவிட்டிருந்தது. வெறும் பருத்திமார்க் குச்சிகளுக்கு நடுவே ஆடுகள் மேய்ந்தன. அந்தப் பெண்களில் ஒருவரும் இல்லை. ஆடு மேய்த்தவரிடம் கேட்டோம். எங்கிருந்தோ கூலிக்கு வந்தவர்கள், எந்த ஊர் என்று தெரியாது என்றார். அம்மா கொஞ்ச நேரம் குழந்தையை ஏந்திக்கொண்டு காட்டைப் பார்த்தபடி நின்றாள். பிறகு ஏறிக்கொண்டாள்.

ஊர் எல்லையில் அப்பா காத்திருந்தார். "ஓடைப் பக்கமா போயிடலாமா? கூட்டம் இருக்காது" என்றார் டிரைவரிடம். வழக்கத்தில் சொல்லிவிட்டார் போல. அம்மா கதவைத் திறந்து இறங்கினாள். தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குழந்தையை இன்னொரு கையில் வைத்துக்கொண்டு, டீக்கடை இருக்கும் தெரு வழியாக நடந்தாள். பகல் பதினொரு மணி. கடையில் ஆள் நிறைய. குழந்தையின் முகத்தை மூடவில்லை. நான் ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம். அப்பா நாலு அடி பின்னால் வந்தவர், டீக்கடை தாண்டும்போது வேகமாக நடந்து வந்து அம்மாவிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, "பொண்ணு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அடுத்த வருஷம் என்னைப் பெண் பார்க்க இரண்டு இடத்தார் வந்தார்கள். முதலில் வந்தவர்கள் கீழப்பழுவூர்ப் பக்கம். வீட்டுக்குள் கால் வைத்ததும் தொட்டிலைப் பார்த்துவிட்டு, "யாரு கொழந்த?" என்று கேட்டார்கள். ஊர் வாய் அவர்களிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கும், தெரிந்துதான் கேட்டார்கள். நான் காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, சரியாகக் கூடாத தோளோடு குனிந்து தங்கச்சியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "என் தங்கச்சி" என்றேன். தலை குனிந்து உட்கார வேண்டிய பெண் இப்படிப் பேசியது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. காப்பியைப் பாதி குடித்துவிட்டுப் போனார்கள். வாசலில் நின்று அத்தை அவர்களுக்குக் கேட்கும்படியாகவே டம்ளர்களைக் கழுவினாள்.

இரண்டாவதாக வந்த வீட்டில் மாப்பிள்ளையின் அம்மா எதுவும் கேட்கவில்லை. உட்கார்ந்ததும் இரண்டு கையையும் நீட்டிக் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். அது அவருடைய சரட்டைப் பிடித்து இழுத்தது. "ராங்கிக்காரியா இருப்பா போலிருக்கே" என்று சிரித்தார். அந்த வீட்டுக்குத்தான் நான் வாழப் போனேன்.